வேபர் வீட்டார் என்ன ஆக்கள்?

சென்ற செவ்வாய்க்கிழமை, நான் வேலை செய்கிற நூலகத்துக்கு ஓர் ஆங்கிலேயப் பெரியவர் வந்தார். எழுபது வயது இருக்கும். நல்ல கோட்டு, நன்றாகத் துடைத்த சப்பாத்து. தம் குடும்பப் பெயருக்கு என்ன பொருள் என்று அறிய வேண்டுமாம். லண்டனில் இப்போது இது ஒரு வியாதி. ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் தத்தம் பாட்டனைத் தேடிப் புறப்பட்டிருக்கிறார்கள்.

பெயர், வோக்கர்.

தம் முன்னோர் நெடுந்தூரம் நடந்து திரிந்த யாத்திரிகர்களாக இருக்கலாம் என்பது அவருடைய எண்ணம். நான் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். நடந்தவர்கள்தான் — ஆனால் ஒரே இடத்தில். நெய்து இறக்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, மணிக்கணக்காகக் காலால் மிதித்து இறுக்குகிறவர்களுக்கு அந்தப் பெயர். தொட்டியில் இருந்தது வெறும் தண்ணீர் அன்று, நாட்பட்ட சிறுநீர். கம்பளியின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க அந்தக் காலத்தில் அதைவிட எளிதாகக் கிடைக்கிற பொருள் இல்லை.

சொல்வதா, விடுவதா என்று ஒரு கணம் தயங்கினேன். சொன்னேன்.

பெரியவரின் முகம் மலர்ந்தது. "அற்புதம்" என்றார். அந்தப் பக்கத்தைப் போட்டோகொப்பி எடுத்துத் தரச் சொன்னார். கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப் போகிறாராம்.

பத்து வருடங்களுக்கு முன்பு, இதே மாதிரியான ஒரு பெயருக்கு இன்னொருவருக்கும் நான் பொருள் சொல்லியிருக்கிறேன். அவர் போட்டோகொப்பி கேட்கவில்லை.

அவரைத் தில்லையம்பலம் அண்ணை என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு. கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்தவர். நீலக் கோப்புகளையும் சிவப்பு நாடாவையும் இன்னும் மரியாதையோடு நினைவுகூர்கிறவர். அவருடைய ஒரே மகள் வதனா. அப்போது இருபத்தாறு வயது. கணக்காளர் பரீட்சையின் கடைசிப் பாகத்தை எழுதிவிட்டு இருந்தாள். அந்தப் பிள்ளை, தன்னோடு வேலை செய்த ஒருவரைக் கல்யாணம் செய்ய விரும்புவதாக வீட்டில் சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை ஜேர்மன்காரர். பெயர், மார்ட்டின் வேபர்.

அண்ணை இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். வெள்ளைக்காரன் — சரி, அதை விழுங்கிக்கொண்டார். வேதக்காரன், கிறிஸ்தவன் — அதையும் விழுங்கிக்கொண்டார். இஞ்சினியர் என்பது சிறிது உதவியது. எஞ்சியது ஒரே ஒரு கேள்வி.

"அவை என்ன ஆக்கள்?"

யாழ்ப்பாணத்தாருக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இது சாதியைக் கேட்கிற கேள்வி. சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே கேட்கலாம் என்பதுதான் இதன் சிறப்பு. இதற்கு ஒரு தம்பியும் உண்டு — "ஊரிலை எவடம்?" அதுவும் புவியியல் கேள்வி அன்று. எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை என்று தெரிந்தால், மற்றது தானாகத் தெரிந்துவிடும். கல்யாணப் பேச்சு என்றால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை எங்களவர் தேநீரில் வாய் வைப்பதில்லை.

விடை காண்பதற்கு ஒரு முறையும் உண்டு. நம்பிக்கையான ஒருவர் அந்த ஊருக்குப் போவார். கடையில் பேச்சுக் கொடுப்பார். வீட்டைத் தூரத்தில் நின்று பார்ப்பார். திரும்பி வந்து சொல்வார்.

தில்லையம்பலம் அண்ணை அந்த முறையை அப்படியே கடைப்பிடித்தார். ஜேர்மனி என்பதற்காக நடைமுறையை மாற்றுவாரா என்ன? தமக்கையின் மகன் கண்ணன் அங்கே அகதி மனுப் போட்டுவிட்டு இருந்தான். மனு முடியும்வரை அவன் தன் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது; தாண்டுவதென்றால் காரணம் எழுதிக் கொடுத்துப் பெர்மிட் எடுக்க வேண்டும். "மைத்துனிக்கு மாப்பிள்ளை விசாரிக்க" என்று எழுத முடியாது. பல்வலி என்று எழுதினான். பெர்மிட் கிடைத்தது.

மார்ட்டின் வீட்டார் இருந்தது, வடமேற்கே ஒரு சிறு நகரத்தில். பெயர் வேண்டாம். கண்ணன் மூன்று ரயில் மாறிப் போனான். ரொட்டி சுட்டு விற்கிற வெதுப்பகத்துக்குள் நுழைந்து, தெரிந்த ஜேர்மனில், "அந்த வேபர் வீட்டார் என்ன மாதிரியான ஆட்கள்?" என்று கேட்டான். கடைக்காரி சற்று யோசித்துவிட்டு, "நல்ல ஆட்கள். சனிக்கிழமைகளில் இரண்டு பெரிய பாண் வாங்குவார்கள்" என்றாளாம்.

இது போதாது என்று கண்ணனுக்கே பட்டது. அவன் மயானத்துக்குப் போனான்.

இதை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். ஜேர்மன் கல்லறைகளில் ஒரு வசதி உண்டு: பெண்ணுடைய பெயருக்குக் கீழே, அவள் பிறந்த வீட்டுப் பெயரையும் செதுக்கியிருப்பார்கள். கண்ணன் ஒரு மணித்தியாலம் மழையில் நின்று வேபர் குடும்பத்துக் கல்லறைகளை எல்லாம் பிரதி எடுத்தான். மூன்று தலைமுறைத் தாய்வழி அவன் கொப்பியில் ஏறியது. கூடவே, வீடு இருந்த தெருப் பெயர், போகும் வழியில் கண்ட தெருப் பெயர், இறங்கிய பஸ் நிறுத்தத்தின் பெயர்... எல்லாவற்றையும் எழுதி மாமனுக்குத் தபாலில் அனுப்பினான். அடியில் ஒரு குறிப்பு: "அர்த்தத்தை ரீச்சரிட்டைக் கேளுங்கோ. எனக்கு ஓபீஸ் ஜேர்மன் மட்டும்தான் தெரியும்."

ரீச்சர் நான்தான். ஊரில் படிப்பித்தவள். கல்யாணமான புதிதில் கணவரோடு மூன்று வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு லண்டன் வந்தவள். ஆகவே கிங்ஸ்பரிப் பக்கத்தில் ஜேர்மன் எழுத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் — தம்பியின் அகதி மனு, மச்சானின் ஆஸ்பத்திரிக் கடிதம் — அது கடைசியில் என் சமையலறை மேசைக்கு வந்து சேரும்.

ஆனால், தாளுக்கு முன்பே வதனா வந்துவிட்டாள்.

"அன்ரி, அப்பா ஒரு லிஸ்ட் கொண்டு வருவார். ப்ளீஸ், அதெல்லாம் சும்மா ஓல்ட் நேம்ஸ், மீனிங் இல்லை எண்டு சொல்லிவிடுங்கோவன்."

"உனக்கு அர்த்தம் தெரியுமோ?"

"மார்ட்டின் சொன்னவர். ஹீ இஸ் ஸோ ப்ரவுட் ஒஃப் இட், அன்ரி. அதுதான் ப்ரொப்ளமே."

அவளுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. தேத்தண்ணி மட்டும் கொடுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தில்லையம்பலம் அண்ணை டை கட்டிக்கொண்டு வந்தார். அவர் எப்போதும் டை கட்டுவார். மேசையில் தாளை விரித்து, அடிமட்டமும் சிவப்புப் பேனையும் எடுத்து வைத்தார்.

"ரீச்சர், ஒரு சின்ன உதவி. முதல் இது. வேபர் எண்டால்?"

"நெய்யிறவர்."

கோடு போட்டார். "தேப்பன்வழி அது. சரி. பாட்டியின்ரை பக்கம், ஃபேர்பர்?"

"சாயம் தோய்க்கிறவர்."

"பூட்டியின்ரை பக்கம், ஷ்ரோடர்?"

"அது வடக்கு வழக்கு, அண்ணை. துணி வெட்டித் தைக்கிறவர்."

"பிளைஹர்?"

நான் தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தி வைத்தேன்.

"என்ன ரீச்சர், தெரியேல்லையோ?"

"தெரியும். துணி வெளுக்கிறவர்."

சிவப்புப் பேனை நின்றது. "வெளுக்கிறதெண்டால்... எப்பிடி?"

"நெய்த லினனைப் புல்வெளியிலை விரிச்சு, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு, வாரக்கணக்கா வெயிலிலை விடுறது. மங்கல் நிறம் போய் வெள்ளையாகும்."

"இப்ப இருக்கிற வீடு இந்தத் தெருவிலை. பிளைஹ்ஷ்ட்ராஸ."

"அந்தப் புல்வெளி இருந்த தெரு."

"பஸ் நிக்கிற இடம், வால்க்மூல?"

"துணியை அடிச்சு இறுக்குற ஆலை. ஆத்துத் தண்ணியிலை சுத்திறது."

அவர் பேனையை மூடினார். தாளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நெசவு, சாயம், தையல், வெளுப்பு. ஒரு முழுத் துணி ஆலையே சம்பந்தம் பேச வந்து நின்றது.

"இதிலை ஒரு வாத்தியார்கூட இல்லையோ, ரீச்சர்?"

"மயானத்திலை இல்லைப் போலை, அண்ணை."

நான் பொய் சொல்லியிருக்கலாம். வேபர் என்றால் நிலக்கிழார், பிளைஹர் என்றால் கோயில் மணியகாரர் என்று சொன்னால் கிங்ஸ்பரியில் யார் மறுக்கப் போகிறார்கள்? சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குச் சொற்பொருள் எழுதிக் கொடுத்தவளுக்கு அது வராது. அதற்குப் பதிலாக விளக்கம் சொல்லத் தொடங்கினேன். விளக்கம் சொல்வதுதான் என் பலவீனம்.

ஜேர்மனியில் நகரங்கள் பெருத்தபோது ஒரே தெருவில் ஆறு யோஹான்கள் இருந்தார்கள். வரி எழுத வந்தவன் குழம்பினான். நெய்கிற யோஹான், சாயம் தோய்க்கிற யோஹான் என்று குறித்துக்கொண்டான். அந்தக் குறிப்பே பெயராகிவிட்டது. நெய்கிறவனின் மகன் ரொட்டி சுடப் போனான். பெயர் அவனோடு போயிற்று. நான் அங்கே இருந்த காலத்தில் எனக்குக் காய்ச்சல் பார்த்த டொக்டரின் பெயர் தையற்காரர் என்று பொருள்படும். வீட்டுச் சொந்தக்காரரின் பெயர் சாயக்காரர். யாரும் அதைப் பற்றி வெட்கப்படவும் இல்லை, நினைக்கவும் இல்லை. அங்கே தொழில் பெயருக்குப் போயிற்று, இரத்தத்துக்குப் போகவில்லை...

அண்ணை பொறுமையாகக் கேட்டார்.

"தொழிலை விட்டுட்டினம் எண்டு சொல்லுறியள்."

"ஓம்."

"அப்ப பேரை ஏன் இன்னும் வைச்சிருக்கினம்?"

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இது சரிவராது, ரீச்சர். பிள்ளை அழும். அழட்டும். நாளைக்கு ஊரிலை எங்கடை அண்ணருக்கு நான் என்னெண்டு எழுதுறது?"

அண்ணர் என்றது, ஊரில் இருந்த மூத்த சகோதரர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அந்தக் குடும்பத்தின் உச்ச நீதிமன்றம்.

வதனா மூன்று கிழமை என் வீட்டுப் பக்கம் வரவில்லை. கோயிலில் கண்டபோது, "ஹலோ அன்ரி" என்றுவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். நான் சொன்ன நாலு சொற்பொருள் ஒரு கல்யாணத்தை நிறுத்தியிருந்தது. அகராதிகள் எப்படித் தூங்குகின்றனவோ தெரியவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தில்லையம்பலம் அண்ணை லண்டனில் என்ன வேலை செய்தார்?

"ஒரு கொம்பனியிலை" என்பார். ஊருக்கு எழுதுகிற கடிதங்களிலும் அப்படித்தான். காலையில் டையும் பிறீவ்கேஸுமாகப் புறப்படுவார். இரண்டு பஸ் மாறி, தமிழர் அதிகம் இல்லாத ஒரு பகுதிக்குப் போவார். அங்கே ஒரு சலவைக் கடையின் பின்னறையில், கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மாலைவரை துணிகளுக்கு இஸ்திரி போடுவார். பிறீவ்கேஸில் மத்தியானச் சாப்பாடு இருக்கும்.

இது கிங்ஸ்பரி முழுவதற்கும் தெரியும். ஒருவருக்கும் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை. அவருடைய நம்பிக்கையைக் காப்பாற்றுவது எங்கள் எல்லாருடைய மரியாதை.

நாங்கள் மட்டும் என்ன? அந்தக் காலத்தில் ஒரு ஜேர்மன் வரிக்காரன் கிங்ஸ்பரிக்கு வந்து எங்களுக்குக் குடும்பப் பெயர் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பான் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பெற்றோல் ஷெட் பொன்னம்பலம். சுப்பர்மார்க்கெட் தட்டு அடுக்கும் சிவசுப்பிரமணியம். இரவுக் காவல் இராசரத்தினம், பி.எஸ்சி. நானூறு வருடங்களுக்குப் பிறகு யாராவது எங்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளைப் பெண் கேட்டு வந்து, கல்லறைகளைப் பிரதி எடுத்து, "அவை என்ன ஆக்கள்?" என்று கேட்டால்... எந்த ரீச்சர் என்ன பொருள் சொல்லுவாளோ?

கதைக்கு வருகிறேன். நாலாவது கிழமை வதனா தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலில் கோபம் இன்னும் முழுவதாகப் போகவில்லை.

"அன்ரி, மார்ட்டினுடைய மம் இந்த வீக்கெண்ட் வாறா. சண்டே எங்கடை வீட்டை வந்து அப்பாவோடை கதைக்கப் போறாவாம். இங்கிலிஷ் அவ்வளவு தெரியாது. நீங்கள் வந்து ட்ரான்ஸ்லேட் பண்ணோணும்."

"அப்பா என்ன சொல்லுறார்?"

"வீடு தேடி வாறவையை வரவேண்டாம் எண்டு சொல்லேலாதாம். மூண்டு மணிக்குத் தேத்தண்ணி குடுத்து, மரியாதையாக் கதைச்சு, நோ சொல்லி அனுப்புவாராம்." குரலைத் தாழ்த்தினாள். "இந்த முறை... ஒண்டும் விளக்கம் சொல்லாதேங்கோ, அன்ரி."

நியாயமான வேண்டுகோள்.

சனிக்கிழமை காலை மார்ட்டின் தன் தாயை என் வீட்டில் கொண்டுவந்து விட்டான். திருமதி வேபருக்கு அறுபது வயதிருக்கும். கட்டையான, உறுதியான பெண். கையில் ஒரு தட்டையான பொதி. இருபத்தெட்டு வருடம் அந்த ஊர் லினன் ஆலையில், நெய்து வருகிற துணியில் பழுது இருக்கிறதா என்று பார்த்து மடிக்கிற பகுதியில் இருந்தவராம். ஆலையை மூடிவிட்டார்கள். இருந்தும், பேசிக்கொண்டிருக்கும்போதே என் மேசை விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் அதை மாற்றிவிட்டேன்.

ஒரு கோப்பை கோப்பி முடிந்ததும் அவர் எழுந்தார். "அந்தப் பெண்ணின் தந்தை வேலை செய்கிற இடத்துக்கு இப்போது போகலாமா?" என்றார்.

"நாளைக்கு வீட்டில் சந்திக்கப் போகிறோமே."

"வீட்டில் பார்த்துப் பயன் இல்லை. வீட்டில் எல்லாரும் கேக் வைத்துக்கொண்டு நல்லவர்களாகக் காத்திருப்பார்கள். ஒரு குடும்பத்தை அறிய வேண்டுமென்றால் வேலை செய்கிற இடத்தில் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் அப்படித்தான்."

ஆக, அவர்களிடமும் ஒரு விசாரிப்பு முறை இருந்தது.

கடையின் விலாசம் அவரிடமே இருந்தது. வதனா மார்ட்டினிடம் மறைக்கவில்லை. மார்ட்டின் தாயிடம் மறைக்கவில்லை. மறைப்பெல்லாம் தமிழில் மட்டும்தான் இருந்தது.

நான் ஓர் அறைக்குள் போய்த் தொலைபேசியில் அண்ணையை எச்சரித்திருக்கலாம். தொலைபேசியைக் கையில்கூட எடுத்தேன். ஆனால் அந்தக் கடையின் எண் எனக்குத் தெரியும் என்பதையே அவர் தாங்கமாட்டார். வைத்துவிட்டேன்.

இரண்டு பஸ். வழி முழுவதும் திருமதி வேபர் பொதியை மடியில் வைத்திருந்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடையில் சனிக்கிழமைக் கூட்டம். கண்ணாடிக்குப் பின்னால் நீராவி. கவுண்டரில் நின்ற முதலாளி உள்ளே திரும்பி, "மிஸ்டர் தில்லை" என்று கூப்பிட்டார். நீராவிக்குள்ளிருந்து அண்ணை வந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்திருந்தார். டையின் நுனியைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே செருகியிருந்தார், சூட்டில் படாமல்.

என்னைக் கண்டார். எனக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கண்டார்.

அந்த முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

"ரீச்சர்" என்றார், மெல்ல. "நீங்களும் உடந்தையோ?"

திருமதி வேபருக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் பொதியை அவிழ்த்துக் கவுண்டரில் விரித்தார். வெள்ளை லினன் மேசை விரிப்பு. வெள்ளையிலேயே வெள்ளையாகப் பூ நெய்தது. பெட்டிக்குள் மடிந்து கசங்கியிருந்தது. மறுநாள் சம்பந்தி வீட்டுக்கென்று கொண்டுவந்த பரிசு.

"இதை எப்படி இஸ்திரி போடுவார் என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். வேறு என்ன செய்ய?

அண்ணை என்னைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தார். விரல் இரண்டுக்கும் நடுவே ஒரு ஓரத்தை எடுத்து உருட்டினார். அவருடைய தோள் சற்று இறங்கியது.

"இதைக் காய்ஞ்சபடி போடேலாது" என்றார், துணியிடம் சொல்வது போல. "நனைச்சுச் சுருட்டி வைச்சு, ஈரப்பதம் இருக்கேக்கை போடோணும். முதல் பின்பக்கம். பிறகு முன்பக்கம், அப்பதான் பூ எழும்பித் தெரியும். மிசின் வேண்டாம். கை இஸ்திரிப்பெட்டிதான்."

நான் ஜேர்மனில் பாதிதான் சொல்லியிருப்பேன். திருமதி வேபர் கையால் என்னை நிறுத்தினார். அண்ணையின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மீதி விளங்கிவிட்டது.

முக்கால் மணித்தியாலம் நாங்கள் அந்தக் கடையில் நின்றோம். முதலாளி முதலில் முறைத்தார். பிறகு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். திருமதி வேபர் உட்காரவில்லை. பின்னறை வாசலில் கைகட்டி நின்று பார்த்தார். அண்ணையும் அவரை ஏறெடுத்துப் பார்க்காமல், ஆனால் அவர் பார்க்கிறார் என்பதை அறிந்து, அந்த விரிப்பை அங்குலம் அங்குலமாக எழுப்பினார். கடைசியில் மூன்றாக மடித்து, இரு கைகளிலும் ஏந்திக் கொண்டுவந்து வைத்தார்.

திருமதி வேபர் மடிப்பின் ஓரமாக விரலை ஓட்டினார். ஒரு முனையைத் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். என் மேசை விரிப்புக்குச் செய்த அதே சோதனை. இந்த முறை தலையசைத்தார். நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறா?" என்றார் அண்ணை.

விளக்கம் சொல்லாதே என்பது வதனாவின் கட்டளை. நான் விளக்கம் சொல்லவில்லை. சொன்னதைச் சொன்னேன்.

"மகன் வந்து, பெண்ணின்ரை தகப்பன் ஒரு சலவைக் கொம்பனியிலை எண்டு மட்டும் முதல் சொன்னவனாம். மேசைக்குப் பின்னாலை இருந்து கையெழுத்துப் போடுற ஆளாக்கும் எண்டு பயந்து போனாவாம். தங்கடை குடும்பத்திலை அப்பிடி ஒரு இடத்திலை சம்பந்தம் செய்து ஒருக்காப் பட்டது போதுமாம்."

"ம்."

"இப்ப மனம் ஆறிட்டுதாம். உங்களுக்குத் துணி தெரியுமாம்." நான் மூச்சு எடுத்துக்கொண்டேன். "நீங்கள் தங்கடை ஆக்களாம்."

மூலத்தில் அவர் சொன்ன சொற்கள் அவைதான். என் மொழிபெயர்ப்பில் கூட்டல் குறைத்தல் இல்லை.

பின்னால் இஸ்திரிப் பெட்டி ஒன்று சீறிக்கொண்டிருந்தது. அண்ணை செருகியிருந்த டையை வெளியே எடுத்தார். தடவி நேராக்கினார். பிறகு என்ன தோன்றியதோ, அதை மறுபடியும் உள்ளே செருகிக்கொண்டார்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு வருவினம்?"

"மூண்டு மணிக்கு. தேத்தண்ணிக்கு."

"பன்னிரண்டரைக்கு வரச் சொல்லுங்கோ, ரீச்சர். சாப்பிடலாம்."

யாழ்ப்பாணத்தில் சம்மதத்துக்கு இதைவிடத் தெளிவான சொல் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை விருந்தை வர்ணித்தால் பத்தி கொள்ளாது. வதனா எனக்கு மூன்று முறை பாயசம் வைத்தாள் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது. அதை நாங்கள் எல்லாரும் மறந்தே போயிருந்தோம்.

கண்ணன் தன் பட்டியலை ஊருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தான். மாமனுக்கு அனுப்பியபோது இல்லாத பொருளை, ஓர் அகராதி வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தமிழில் எழுதி அனுப்பியிருந்தான். பொறுப்பான பையன். உச்ச நீதிமன்றத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது: "நெய்பவர், தோய்ப்பவர், வெளுப்பவர் ஆகியோரோடு நமக்கு என்ன சம்பந்தம் என்பதை விபரமாக எழுதவும்."

அண்ணை பதிலை எழுதி, என்னிடம் கொண்டுவந்து காட்டினார். எழுத்துப் பிழை பார்க்க என்றார். அவருடைய தமிழில் பிழை இருக்காது என்று இருவருக்கும் தெரியும். நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தின் நடுவில் அந்த வாக்கியம் இருந்தது: "நான் இங்கே எட்டு வருடமாக ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறேன். மாப்பிள்ளையின் தாயார் நேரில் வந்து என் வேலையைப் பார்த்த பிறகே இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதித்தார்."

"சரியோ, ரீச்சர்?"

"சரி, அண்ணை."

"'இஸ்திரி'க்கு வேறை நல்ல சொல் இருக்கோ?"

"அதுதான் சொல்."

ஒட்டினார். அனுப்பினார். அன்று முதல் கிங்ஸ்பரி பஸ் நிறுத்தத்தில் பிறீவ்கேஸ் இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் பையில் சாப்பாட்டோடு நின்றார். பார்த்தவர்கள் எல்லாரும், பார்க்காதவர்கள் போல, "என்ன அண்ணை, வேலைக்கோ?" என்று மட்டும் கேட்டார்கள். "ஓம், கடைக்கு" என்றார்.

ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் வதனா நகத்தைக் கடித்தாள். அண்ணர் சொல்லை மீறி அண்ணை ஒருபோதும் நடந்தவர் அல்லர். கடிதம் வந்ததும் அவர் அதைப் பிரிக்காமல் நூலகத்துக்குக் கொண்டுவந்தார். என் மேசைக்கு முன்னால் நின்றே கிழித்தார். தாழ்ந்த குரலில் வாசித்தார், நூலகம் அல்லவா.

"அன்புள்ள தம்பிக்கு. உன் கடிதம் கண்டேன். உன் தொழில் இன்னதென்று இத்தனை வருடம் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்த பின், அந்த நெசவுக் குடும்பத்தாரைப் பற்றி நான் முன்பு எழுதியதை மறந்துவிடவும். நீ செய்கிற வேலையை நேரில் பார்த்தும், அதைப் பெரிதுபடுத்தாமல் அவர்கள் உன் வீட்டில் பெண் எடுக்க முன்வந்திருப்பது அவர்களுடைய பெருந்தன்மை. அவர்களுக்கு மனம் மாறுவதற்கு முன் எழுத்தை வைத்துவிடு."

எழுத்து என்றால் கல்யாணப் பதிவு. அண்ணை கடிதத்தை மடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ரீச்சர், இஞ்சை கவுன்சிலிலை பதியிறதெண்டால் எத்தினை நாளைக்கு முதல் சொல்லோணும்?"

மாப்பிள்ளை வீட்டாருக்கு மனம் மாற நாங்கள் அவகாசம் கொடுக்கவில்லை.